“நடுவுல ஒண்டுமே இல்லாட்டி, சேர்?”

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். ஆனால் இந்த முறை சாதாரண தரம் எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

நம்மூர்த் தெருக்களில் இப்போது கறுப்பு பைபர் வயர் போகாத தூண் குறைவு. அந்த வயருக்குள் தலைமுடி அளவில் ஒரு கண்ணாடி நார் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் உம்மாவோடு வீடியோவில் பேசுவதும், நீங்கள் இந்தப் பதிவை வாசிப்பதும், வழியில் எங்கோ ஓரிடத்தில் அப்படியான ஒரு நாருக்குள்ளால் ஒளியாக வந்த பிறகுதான்.

பதினோராம் தரத்தில் இதை நாங்கள் படிப்பிக்கிறோம். ஒளி அடர்ந்த ஊடகத்திலிருந்து ஐதான ஊடகத்துக்குப் போகும்போது, படுகோணம் அவதிக் கோணத்தை விடக் கூடினால் வெளியே போகாது. முழுவதும் உள்ளேயே தெறித்துவிடும். இதுதான் முழு உட்தெறிப்பு. நாரின் நடுப்பகுதிக்கு முறிவுச் சுட்டி கொஞ்சம் கூட, சுற்றியிருக்கும் உறைக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் ஒளி நடுவிலேயே மாட்டிக்கொண்டு வளைந்து நெளிந்து போகிறது. ஒரு படம், இரண்டு வரி, பாடம் முடிந்தது.

ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1966இல் இங்கிலாந்தில் வேலை செய்துகொண்டிருந்த சார்ள்ஸ் காவோ என்பவர், கண்ணாடியை மட்டும் போதுமான அளவு தூய்மையாகச் செய்தால் ஒளியைக் கிலோமீற்றர் கணக்கில் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அப்போதிருந்த கண்ணாடியில் ஒளி சில மீற்றர் போவதற்குள்ளேயே செத்துவிடும். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் அவர் கேட்ட அளவுக்குத் தூய கண்ணாடி நாரைச் செய்தது. இன்றைக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் நாரில் ஒளி 100 கிலோமீற்றர் போன பிறகும் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சும். காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது, யோசனை சொல்லி 43 வருடங்களுக்குப் பிறகு.

போன வருடம் இந்தப் பாடத்தை நடத்தும்போது பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள். “சேர், நடுவுல கண்ணாடிக்குப் பதிலா ஒண்டுமே இல்லாட்டி? வெறும் ஓட்டையா இருந்தா வெளிச்சம் போகாதா?”

வகுப்பு சிரித்தது. பாடத்தின்படி பார்த்தால் போகாதுதான். நடுவில் காற்று, சுற்றிக் கண்ணாடி என்றால் நடுப்பகுதிதான் ஐதானது. அங்கே முழு உட்தெறிப்புக்கு இடமே இல்லை. ஒளி பக்கவாட்டில் கண்ணாடிக்குள் கசிந்துவிடும். நான் அவளிடம், “முழு உட்தெறிப்பால ஏலாது. வேற வழி இருக்கா எண்டு தேடிப் பாத்து அடுத்த கிழமை சொல்றன்” என்றேன்.

அன்றிரவு தேடப் போய்ப் பல இரவுகள் அதிலேயே போய்விட்டன.

அந்தப் பிள்ளை கேட்ட அதே விஷயத்தை 1991இல் பிலிப் ரஸல் என்ற பௌதிகவியலாளர் யோசித்திருக்கிறார். அவருடைய யோசனைக்கு மயில் தோகை நல்ல உதாரணம். மயில் தோகையின் நீலமும் பச்சையும் சாயத்தால் வருவதல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அமைப்பு ஒன்று தோகையில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அடுக்கின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போவதால் சில நிறங்கள் உள்ளே போக முடியாமல் திரும்பி வருகின்றன. ரஸல் இதே வேலையை நாரில் செய்யலாமே என்று நினைத்தார். கண்ணாடி நார் முழுவதும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, தேன்கூடு மாதிரி ஒழுங்கான நுண்துளைகள். நடுவில் மட்டும் கொஞ்சம் பெரிய துளை. சுற்றியிருக்கும் துளைக்கூட்டம் குறிப்பிட்ட நிறங்களை உள்ளே விடாது. அப்போது நடுத்துளைக்குள் போன ஒளிக்கு வெளியேற வழியில்லை, முன்னால் போக மட்டும்தான் முடியும். முழு உட்தெறிப்பு விதி பொய்யாகவில்லை. அந்த விதிக்கு வேலை இல்லாத இடத்தில் வேறொரு விதி ஒளியைப் பிடித்து வைத்திருக்கிறது.

செய்யும் முறையைக் கேட்டால் கைத்தொழில் மாதிரி இருக்கும். மெல்லிய கண்ணாடிக் குழாய்களை ஒரு கட்டாக அடுக்குவார்கள். நடுவில் சில குழாய்களை எடுத்துவிடுவார்கள். அந்தக் கட்டை உலையில் பழுக்கச் சூடாக்கி, பாகு இழுப்பது போல நாராக இழுப்பார்கள். குழாய்கள் எல்லாம் அதே ஒழுங்கில் சுருங்கிச் சுருங்கி, ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்கு வந்துவிடும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ரஸலின் குழு செய்த, நடுவில் கண்ணாடியும் சுற்றித் துளைகளும் உள்ள முதல் நார் 1996இல் வெளிவந்தது. நடுவில் வெறும் ஓட்டை உள்ள நாரில் ஒளியை அனுப்பிக் காட்டியது 1999இல். யோசனைக்கும் நாருக்கும் இடையில் எட்டு வருடங்கள்.

சரி, ஓட்டைக்குள் ஒளி போனால் என்ன, போகாவிட்டால் என்ன? நம்ம ஆட்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மிக விரைவு லேசர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கெமராவில் ஓடும் பிள்ளையைப் படமெடுத்தால், ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடினால் படம் கலங்கிவிடும். வேகமாக மூடினால் கால் அந்தரத்தில் நிற்பது தெளிவாகத் தெரியும். அணுக்களும் மூலக்கூறுகளும் ஓடும் வேகத்துக்கு எந்த ஷட்டரும் போதாது. அதனால் ஒளியையே மிகக் குறுகிய துடிப்பாக வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கால அளவுக்குப் பெயர் பெம்டோ செக்கன். ஒரு செக்கனை ஆயிரம் கோடி இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்று. பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஒரு பெம்டோ செக்கனை ஒரு செக்கனாக நீட்டினால், ஒரு செக்கன் ஏறக்குறைய 3 கோடி 17 இலட்சம் வருடங்களாக நீண்டுவிடும். ஒரு செக்கனில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடும் ஒளி, ஒரு தலைமுடியின் தடிப்பைத் தாண்டவே இருநூறு முந்நூறு பெம்டோ செக்கன் எடுக்கும்.

இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் சக்தியை அடக்கும்போது துடிப்பு மிகக் கூர்மையாகிவிடும். அதைப் பெருக்கப் போனால் பெருக்கும் கருவியே எரிந்துவிடும். 1985இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவும் அவருடைய மாணவி டொனா ஸ்ட்ரிக்லண்டும் இதற்கு வழி கண்டார்கள். அதிலும் ஒரு நார்தான் உதவியது. துடிப்பை 1.4 கிலோமீற்றர் நீளமான கண்ணாடி நாருக்குள் அனுப்பினார்கள். கண்ணாடிக்குள் வேறு வேறு நிறங்கள் வேறு வேறு வேகத்தில் போவதால் துடிப்பு நீண்டு மெலிந்தது. மெலிந்ததைப் பயமில்லாமல் பெருக்கினார்கள். பிறகு நிறங்களைத் திரும்பவும் ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கினார்கள். நீட்டு, பெருக்கு, சுருக்கு. அவ்வளவுதான். அது ஸ்ட்ரிக்லண்டின் முதலாவது ஆய்வுக் கட்டுரை. 2018இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

இதன் பயனை நம்மில் சிலர் கண்ணாலேயே அனுபவித்திருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு மாணவரின் கண்ணில் தவறுதலாக இந்த லேசர் பட்டுவிட்டது. பரிசோதித்த கண் டொக்டர் அதிசயப்பட்டார். காயம் அவ்வளவு சுத்தமாக, சுற்றியுள்ள இடம் கருகாமல் இருந்தது. துடிப்பு மிகக் குறுகியது என்பதால் சூடு பக்கத்துக்குப் பரவ நேரமே இல்லை. அந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் இன்று கண்ணாடி போடுவதைத் தவிர்க்கச் செய்யும் கண் சத்திரசிகிச்சையில் கத்திக்குப் பதிலாக இந்த லேசர் வந்தது.

இனி ஓட்டைக்கு வருவோம். கண்ணாடிக்குள் துடிப்பு நீள்வது ஸ்ட்ரிக்லண்டுக்கு உதவியது. ஆனால் துடிப்பு குறுகியதாகவே போய்ச் சேர வேண்டும் என்றால் அதே விஷயம் இடைஞ்சல். துடிப்பு பலமாக இருந்தால் கண்ணாடியே சேதமாகும். நடுவில் ஓட்டை இருந்தால் எரிவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அந்த ஓட்டைக்குள் விரும்பிய வாயுவை நிரப்பி, அமுக்கத்தைக் கூட்டிக் குறைத்து, துடிப்பு எப்படி மாற வேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம்.

1996இல் இத்தாலியின் மிலான் நகரில் இதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது ரஸலின் தேன்கூட்டு நார் அல்ல, நடுவே துளையுள்ள எளிமையான கண்ணாடிக் குழாய். அதற்குள் கிரிப்டன் வாயு. அதற்குள்ளால் போன 140 பெம்டோ செக்கன் துடிப்பு, நிறங்கள் விரிந்து, பிறகு சுருக்கப்பட்டபோது 10 பெம்டோ செக்கனாக வந்தது. ஆவர்த்தன அட்டவணையின் கடைசி நிரலில், எதோடும் சேராது என்று நாம் படிப்பிக்கிற விழுமிய வாயுக்களில் ஒன்று அந்தக் கிரிப்டன்.

இப்படிச் சுருக்கிய துடிப்புகள்தான் அடுத்த படிக்கு ஏணியாக இருந்தன. 1987இல் பிரான்ஸில் ஆன் லுய்லியே, லேசரை விழுமிய வாயுவுக்குள் செலுத்தினால் மிகக் கூடிய மீடிறன்களில் புதிய ஒளி பிறப்பதைக் கண்டிருந்தார். 2001இல் வியன்னாவில் ஃபெரென்ஸ் க்ரௌஸின் குழு அந்த வழியில் 650 அட்டோ செக்கன் நீளமான தனித் துடிப்பொன்றைப் பிரித்தெடுத்தது. அட்டோ என்பது பெம்டோவின் ஆயிரத்தில் ஒன்று. இலத்திரன்கள் அசைவதையே பார்க்கக்கூடிய அளவு அது. பியெர் அகொஸ்தினியோடு சேர்த்து மூவருக்கும் 2023இல் நோபல் கிடைத்தது.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 2023 ஒக்டோபரில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் லுய்லியே பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் நோபல் குழு அவருக்கு அழைப்பு எடுத்தது. இடைவேளையில்தான் அவர் போனுக்குப் பதில் சொன்னார். செய்தியைக் கேட்டார். பிறகு வகுப்புக்குத் திரும்பிப் போய் மிச்சப் பாடத்தை நடத்தி முடித்தார். கடைசி அரை மணித்தியாலம் கஷ்டமாக இருந்ததாம். பௌதிகவியல் நோபல் பெற்ற ஐந்தாவது பெண் அவர். 1903இல் மேரி கியூரி, 1963இல் மரியா கெப்பர்ட் மேயர், 2018இல் ஸ்ட்ரிக்லண்ட், 2020இல் அன்ட்ரியா கெஸ், அடுத்து இவர். ஐந்தில் இருவர் இந்தக் குறுகிய துடிப்பு லேசர் துறையிலிருந்து வந்தவர்கள்.

நடுவில் கண்ணாடி உள்ள துளை நாரும் சும்மா இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தவர்கள் 75 சென்ரிமீற்றர் நீளமான அப்படியொரு நாருக்குள் 100 பெம்டோ செக்கன் துடிப்புகளைச் செலுத்தியதை வெளியிட்டார்கள். உள்ளே போனது கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் ஒரே கருஞ்சிவப்பு நிறம். வெளியே வந்தது ஊதா முதல் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் கதிர் வரை எல்லா நிறமும். முக்கால் மீற்றர் நாரில் ஒரு வானவில். அந்த நிறங்களை அளவுகோலின் கோடுகள் மாதிரிப் பயன்படுத்தி ஒளியின் மீடிறனை நேரடியாக அளக்க முடிந்தது. அந்த முறையை வளர்த்த தியோடர் ஹென்ஷுக்கும் ஜோன் ஹோலுக்கும் 2005இல் நோபலில் பங்கு கிடைத்தது. இன்றைக்கு உலகின் மிகத் துல்லியமான கடிகாரங்கள் அந்த அளவுகோலை நம்பித்தான் ஓடுகின்றன.

கடைசியாக ஒன்று. வெறும் ஓட்டை நாரில் ஒளி கசிவு அதிகம் என்பதால் அது ஆய்வுகூடத்துக்கு மட்டும்தான் சரி என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. 2025இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் மைக்ரோசொப்டும் சேர்ந்த குழு வெளியிட்ட ஓட்டை நாரில் இழப்பு கிலோமீற்றருக்கு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு. சாதாரண கண்ணாடி நாரில் 100 கிலோமீற்றருக்குப் பிறகு நூற்றில் ஒன்று மிஞ்சும் என்று சொன்னேன் அல்லவா? இதில் பன்னிரண்டளவில் மிஞ்சும். அதோடு, கண்ணாடிக்குள் போவதை விட காற்றுக்குள் ஒளி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேகமாகப் போகும். காவோ தூய்மையாக்கச் சொன்ன கண்ணாடியை, நடுவில் ஒன்றுமே இல்லாத நார் இப்போது தோற்கடித்திருக்கிறது.

வகுப்பு சிரித்த கேள்விக்கு உலகம் கொடுத்திருக்கும் பதில் இதுதான்.

இதையெல்லாம் நான் அடுத்தடுத்த கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பில் சொன்னேன். சிலபஸில் இல்லை, பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார்கள். கேள்வி கேட்ட பிள்ளை, கடையில் குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ரோக்களைக் கொண்டுவந்து, இறப்பர் பாண்டால் கட்டி, நடுவில் ஏழை உருவிவிட்டு, “இப்பிடித்தானே சேர்?” என்று காட்டினாள். அப்படித்தான். 1999ஆம் ஆண்டு நாரிலும் நடுவிலிருந்து எடுத்தது ஏழு குழாய்கள்தான். அதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நடுக்குழாயை எடுத்தால் சுற்றியிருக்கும் ஆறையும் எடுத்தால்தான் ஓட்டை வட்டமாக வரும் என்று அவளே கண்டுபிடித்தாள்.

பெறுபேறு வந்தது. கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் அவளுக்கு ஏ. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்க ஆசை. நம்மூர்ப் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. ரவுணுக்குப் போக வேண்டும். அவளுடைய வாப்பா என்னிடம் வந்தார். நல்ல மனிதர், மகள் மேல் உயிர். “சேர், பஸ்ஸுல போய் வாறது, பின்னேர வகுப்பு, மஃரிபுக்குப் பொறகு எப்பிடி வருவா? கலைப் பிரிவு இங்கயே இரிக்கி. படிச்சு என்ன, விஞ்ஞானியாகவா போறா?” என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதி முழுவதும் நியாயம். இரவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பிள்ளையைப் பற்றிப் பயப்படாத வாப்பா யார்? கலைப் பிரிவும் குறைந்த படிப்பல்ல. நம்மில் எத்தனையோ நல்ல ஆசிரியர்கள், சட்டத்தரணிகள் அதில் வந்தவர்கள்தான். விரும்பி எடுக்கிற பிள்ளைக்கு அது சிறந்தது. ஆனால் பஸ் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் பாடம் மாறக்கூடாது.

இரண்டாம் பாதிக்கு, விஞ்ஞானியாகவா போறா என்பதற்கு, என்னிடம் பதில் இல்லை. யாரிடமும் இல்லை. ரொச்செஸ்டரில் நாரைச் சுற்றிக்கொண்டிருந்த மாணவியிடம் 1985இல் கேட்டிருந்தால், இது நாளைக்குக் கண் சத்திரசிகிச்சைக்கு உதவும் என்று அவரும் சொல்லியிருக்க முடியாது. பயன் பிறகு வரும். முதலில் கேள்வி கேட்கிற ஆள் அந்த மேசையில் இருக்க வேண்டும். அந்த ஆளை பஸ் தரிப்பிடத்திலேயே நாம் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

இனி நான் கேட்பதாகச் சொன்ன விஷயம்.

இந்த வருடம் நம்மூரிலிருந்து ரவுணுக்குப் போய்க் கணித, விஞ்ஞானப் பிரிவு படிக்கத் தகுதியும் விருப்பமும் உள்ள பெண் பிள்ளைகள் எனக்குத் தெரிந்து ஒன்பது பேர். ஒன்பது வீட்டிலும் தனித்தனியாக இதே பேச்சுத்தான் நடக்கிறது. ஒன்பது பேரும் ஒரே வேனில் போய் வந்தால் பயம் பாதியாகக் குறையும், செலவு ஒன்பதாகப் பிரியும். வேன் வைத்திருக்கும் சகோதரர்கள், பழைய மாணவர் சங்கத்தினர், பள்ளிவாசல் நிர்வாகத்தினர் யாராவது முன்வந்தால், கட்டணம் கட்ட முடியாத வீடுகளின் பங்கையும் சேர்த்து ஒரு மாதிரியாகச் சமாளிக்கலாம். பொறுப்புக்கு ஒரு ராத்தாவோ உம்மாவோ கூடப் போய் வரலாம் என்று இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.

விண்ணப்பம் அனுப்ப இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. உதவக்கூடியவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள். அல்லது அஸர் தொழுது முடிந்து வெளியே வரும்போது பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெற்றோர் யாரும் கூச்சப்பட வேண்டாம். பெயர்கள் வெளியில் வராது.

அந்தப் பிள்ளையின் வாப்பா கடைசியாகச் சொன்னது, “வேன் சரிவந்தா பாப்பம் சேர்.”

அவருக்கு ஒரு வேன் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.